மார்த்தாண்டத்திலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டியிருக்கும் களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் என் வேலை. சிக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்திருப்பது ஒன்றுதான்: ஆஃபரைப் பார்த்ததும் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை அப்புறம்தான் திறந்து பார்த்திருப்பார்கள். முதலில் பெயர், பிறகு பாஸ்போர்ட், பிறகு விசா விதி, அதற்கும் பிறகுதான் டிக்கெட். இந்த வரிசை மாறினால் காசு போகும்.

கீழே மலேசியாவை வைத்துச் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. போன இடத்தில் தமிழை வைத்தே பாதி வேலை முடிந்துவிடும். நம் பக்கத்தில் முதல் பயணம் பெரும்பாலும் அங்கேதான். வேறு நாடானாலும் வரிசை இதுதான், விதிகள் மட்டும் மாறும்.

1. பெயரை ஒழுங்கு செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டில் பயணம் போகிற ஒவ்வொருவரின் பெயரும் ஆதாரிலும் பானிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போகும் வீடு அபூர்வம். பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும் முன் இதைச் சரிசெய்வது சுலபம். அதற்குப் பிறகு சரிசெய்யப் போனால் பாஸ்போர்ட்டையே மறுபடி எடுக்க வேண்டிவரும்.

நமக்கு இருக்கும் பெரிய தொல்லை இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, விரித்துத்தான் எழுத வேண்டும். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர் என்று பலர் இரண்டாவதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் வந்துவிடும், இடைஞ்சல் பிறகுதான் தெரியும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவிலும் சுற்றுலா விசாவிலும் வருபவர்களை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டது. துபாயிலோ ஷார்ஜாவிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. இன்று மலேசியா போகிறவர் நாளை அங்கேயும் போவார். அதனால் எஸ். பிரின்ஸ் என்றால் பெயர்க் கட்டத்தில் பிரின்ஸ், குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் சாலமன் என்று இரண்டையும் நிரப்பிவிடுங்கள். ஹோட்டலில் உங்களை 'மிஸ்டர் சாலமன்' என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் இருந்தால் பதற வேண்டாம். டிக்கெட் போடும்போது இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை ஒவ்வொரு விமான நிறுவனமும் தன் தளத்தில் சொல்லியிருக்கும். சிலர் அதே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்வார்கள். நீங்களாக ஊர்ப் பெயரையோ வீட்டுப் பெயரையோ போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போகும் வழக்கம் இருப்பதால் பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில் இருக்கும், விலாசம் தமிழ்நாட்டில் இருக்கும். அதில் தாய், தகப்பன் பெயர்கள் மலையாள உச்சரிப்புக்கு ஏற்ற ஸ்பெல்லிங்கில் ஏறியிருக்கும்; பிள்ளையின் பெயர் ஏறாமலேயே இருப்பதும் உண்டு. இதைத் திருத்த நம் தாலுகா ஆபீசால் முடியாது. பிறப்பு பதிவான கேரள உள்ளாட்சியில்தான் கேட்க வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். ஆகவே இந்தத் திருத்தத்தைத்தான் முதலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் இதற்குத்தான் அலைச்சல் அதிகம்.

2. பாஸ்போர்ட்

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000. விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா தளத்தில்தான். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது.

விலாசம் எழுதும்போது உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்களோ அதை எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மார்த்தாண்டத்து வீட்டு விலாசம் கொடுத்தால், போலீஸ் விசாரிக்க வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் "அவங்க இப்ப இங்க இல்லையே, சார்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, காலாவதி தேதி. நாட்டுக்குள் நுழையும் நாளில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருடம், பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான் என்பதை மறந்து, அப்பா அம்மாவுடையதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நிறைய. இரண்டாவது, இசிஆர் முத்திரை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இது இருக்கும். மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதே இதன் பொருள். சுற்றுலாவுக்கு இது தடையில்லை. ஆனால் கவுன்டரில் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு இரண்டையும் தாளாக அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. விசா விதியைத் தேதியோடு வாசியுங்கள்

இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் சலுகை கொடுத்தது. 2026 டிசம்பர் 31 வரை அதை நீட்டித்திருக்கிறது. இப்படிப்பட்ட சலுகைகளுக்கு எல்லாம் ஒரு கடைசித் தேதி உண்டு. போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

விசா வேண்டாம் என்பதால் உள்ளே விட்டே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடம், செலவுக்குப் பணம் மூன்றும் காட்ட முடியாதவரை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இளவயதுப் பையன்கள் தனியாகப் போனால் இது இன்னும் கறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'டூரிஸ்டாகப் போ, அங்கே இறங்கியதும் வேலைக்கு ஆள் வந்து கூட்டிப்போவான்' என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அது சுற்றுலா இல்லை. அந்தப் பயணத்துக்கு இந்த வழிகாட்டி உதவாது. இப்படித் தாய்லாந்து வழியாகப் போன பையன்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட கதை எல்லாச் செய்தித்தாளிலும் வந்தாயிற்று.

4. இப்போது டிக்கெட்

பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பெயரை எழுத்துக்கு எழுத்து ஏற்றுங்கள். ஞாபகத்தில் இருந்து அடிக்காதீர்கள். ஓர் எழுத்து தப்பினால் திருத்தக் கட்டணம், சில சமயம் டிக்கெட்டே வீண்.

தேதியில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவைத் தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் ஞாயிறு 00:25 என்று இருந்தால் சனிக்கிழமை இரவு எட்டரை, ஒன்பது மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் போட்ட அன்றே காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் வட்டம் போடுங்கள். ஹோட்டலும் அப்படித்தான். அதிகாலையில் இறங்குவீர்கள், அறையோ பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

திருவனந்தபுரத்துக்கென்று ஒரு விசேஷம்: பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு. வருடத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும், நேரங்கள் மாறும். விமான நிறுவனம் முன்பே செய்தி அனுப்பும். டிக்கெட்டில் ஏஜென்டின் கைபேசி எண் இருந்தால் அந்தச் செய்தி அவருக்குத்தான் போகும். உங்கள் எண்ணைக் கொடுங்கள்.

மலிவு டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் இருக்காது, ஏழு கிலோ கைப்பை மட்டும்தான் என்பது வழக்கம். முன்கூட்டிப் பணம் கட்டினால் குறைவு, கவுன்டரில் கட்டினால் கண்ணைக் கட்டும்.

5. பணம்

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020க்குப் பிறகு வழங்கும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும்படிதான் வருகின்றன. வங்கி ஆப்பில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். இதை வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள், அங்கே போய் ஓடிபி வராமல் தவிப்பீர்கள்.

முதல் இரண்டு நாள் செலவுக்கு ரிங்கிட் ரொக்கமாகக் கையில் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக்கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள். மிச்சப் பணத்தைத் திருப்பி விற்க அது வேண்டும். விமான நிலையத்தில் மாற்றினால் விலை கூடுதல். இந்திய ரூபாயை 25,000க்கு மேல் கொண்டுபோகக் கூடாது.

அங்கே கடையில் அட்டை தேய்க்கும்போது 'ரூபாயிலா, ரிங்கிட்டிலா' என்று இயந்திரம் கேட்கும். நம் காசில் தெரிந்தால் நல்லதுதானே என்று ரூபாயைத் தொட்டுவிடுவோம். ரிங்கிட்டைத் தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையைக் கடைக்காரரின் வங்கி தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும்.

ஹோட்டல் பதிவில் காட்டும் தொகை முழுத்தொகை இல்லை. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, அதைத் தனியாகக் கேட்பார்கள்.

6. பெட்டி கட்டுதல்

நம் ஊர்ப் பெட்டியில் முதலில் ஏறுவது தேங்காய்ச் சமாச்சாரம்தான். கொப்பரை கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ப் பசை அதிகம், தீப்பற்றும் என்பதால் 2022இல் தடை வந்தது. சபரிமலை போகிறவர்களுக்கு இருமுடித் தேங்காயைக் கைப்பையில் எடுத்துப்போக ஒரு சீசனில் தனியாக அனுமதி கொடுத்தார்களே என்று கேட்பார்கள். அது அந்தப் பக்தர்களுக்கு, அந்தக் காலத்துக்கு மட்டும் தந்த சலுகை. ஊறுகாய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் நன்றாக அடைத்துப் பெட்டிக்குள் போக வேண்டும், கைப்பையில் எடுத்துவிடுவார்கள். ஏத்தங்காய் சிப்ஸ் பிரச்சினையில்லை. பழம், விதை, செடி, கறிவேப்பிலை, வீட்டில் செய்த இறைச்சி வேண்டாம். வளைகுடா நாடுகள் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும்.

மருந்துகளை வாங்கிய அட்டையோடு, டாக்டர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வைத்தியரிடம் வாங்கிய அரிஷ்டமும் தைலமும் பெயரில்லாத பழைய பாட்டிலில் இருந்தால் உள்ளே என்ன என்று உங்களால் நிரூபிக்க முடியாது. முத்திரை பிரிக்காத, பெயர் ஒட்டிய பாட்டிலாக வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

பவர்பேங்க் கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்ஏஎச் வரை கவலையில்லை. மலேசியாவில் மூன்று தட்டைக் காலுள்ள பிளக். ஓர் அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பார்சல். "மக்களே, நம்ம பிள்ளைக்கு ஒரு சின்னப் பொதி, அவ்வளவுதான்" என்று பக்கத்து வீட்டு அத்தை கொண்டுவருவார். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. பெட்டியில் இருப்பது எல்லாம் உங்களுடையது என்றுதான் சட்டம் பார்க்கும். "பிரிச்சு நானே கட்டுறேன் அத்தே" என்று சொல்லி அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். பிரிக்க விடாத பொதியை வாங்க வேண்டாம், கோபித்துக்கொண்டாலும் சரி.

7. கடைசி மூன்று நாள்

மலேசியாவுக்கு எம்டிஏசி என்கிற வருகைப் படிவம் உண்டு. இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். சுறுசுறுப்பாகப் பத்து நாள் முன்பே உட்கார்ந்தால் தளம் ஏற்காது. படிவம் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, முகவரி 'ஜிஓவி.எம்ஒய்' என்று முடிகிறதா என்று பாருங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும், தனித்தனிப் படிவம். தாய்லாந்து, சிங்கப்பூருக்கும் இதே போல ஒன்று இருக்கிறது.

இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று பெட்டியில், ஒரு படம் வீட்டில் இருப்பவர் கைபேசியில். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போகும்போது அதுதான் கைகொடுக்கும்.

8. விமான நிலையத்துக்குப் போகும் வழி

திருவனந்தபுரத்தில் டெர்மினல்கள் ஓடுபாதையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பன்னாட்டு முனையம் சாக்கைப் பக்கம். மற்றது சங்குமுகம் பக்கம், சுற்றிக்கொண்டு போக வேண்டும். டிரைவரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாமல் 'சாக்கை, இன்டர்நேஷனல்' என்று சொல்லுங்கள். சென்னை அல்லது பெங்களூரு மாறிப் போகிறவர்கள் டிக்கெட்டில் உள்ள டெர்மினல் எண்ணைப் பார்த்தே போக வேண்டும்.

நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழி பழகிய வழிதான், ஆனால் பாலராமபுரத்தில் வண்டி நின்றால் நின்றதுதான். காரோடு என்கிற ஊரில் ஏறி பைபாஸைப் பிடித்தால் கோவளம், திருவல்லம் வழியாக நேரே சாக்கையில் இறங்கலாம். சுங்கம் கட்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. வாடகைக் கார் என்றால் கேரளா பெர்மிட் எடுத்தாயிற்றா என்று முந்தின நாளே கேளுங்கள். பயண நாளில் கேரளத்தில் ஹர்த்தால் உண்டா, மாசியில் என்றால் ஆற்றுக்கால் பொங்கல் உண்டா என்று ஒரு முறை பாருங்கள். பொங்கல் அன்று நகரத்துச் சாலைகளில் எல்லாம் அடுப்புதான். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வாசலில் இருப்பது போலக் கிளம்புங்கள். செக்-இன் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

9. இமிக்ரேஷன் கவுன்டர்

"எங்கோட்டா போகுன்னது?"

"மலேசியா சார், சும்மா சுத்திப் பார்க்க."

"எத்தனை நாள்? எங்கே தங்குறீங்க?"

"தம்பிக்குத்தான் தெரியும் சார், அவன்தான் எல்லாம் பார்த்தான்."

இந்தக் கடைசிப் பதிலால்தான் ஆளைத் தனியாக உட்கார வைக்கிறார்கள். தம்பி வேறு வரிசையில் நிற்பான். ஆளை வேலைக்குக் கடத்துகிறவர்களும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள் என்பதால் அதிகாரிக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஆகவே அம்மா, பாட்டி உட்பட எல்லோருக்கும் நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எத்தனை நாள், ஹோட்டல் பெயர், திரும்பும் தேதி, செலவு யாருடையது. ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் வைத்துவிடுங்கள். வேலை பார்ப்பவர் லீவ் லெட்டர் வைத்திருந்தால் நல்லது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அங்கே போய் இறங்கும்போதும் கேள்விகள் இவையேதான், மொழி மட்டும் ஆங்கிலமாக இருக்கும்.

கழுத்தில் கையில் நிறைய நகை போட்டுக்கொண்டு போவதானால், புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் திரும்பி வரும்போது, அங்கே வாங்கிய தங்கம் இல்லை என்று நிரூபிக்கிற பாடு உங்களுடையது. என்னைக் கேட்டால் தாலிச் செயின் போதும், மற்றதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

10. இறங்கியதும்

கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். சிம் கார்டைப் பாஸ்போர்ட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம். நகரத்துக்கு ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். பஸ் கட்டணம் அதில் பாதிகூட வராது. நான்கு பேர் குடும்பம் என்றால் ஆப் வழியாகக் கார் பிடிப்பதே மலிவு. வாசலில் வந்து கூப்பிடுகிறவரோடு போக வேண்டாம். விமான நிலையத்தில் இரண்டு டெர்மினல். திரும்பும்போது எது என்பதை இறங்கும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி. வெயிலுக்கு முன் ஏறுங்கள், முழங்கால் மறையும் உடை போடுங்கள், கையில் பழப்பையோடு போனால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

11. திரும்பும்போது

தங்கம் வாங்கிவர ஆசைப்படுகிறவர்களுக்கு: வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிறவருக்கு இல்லை. திருவனந்தபுரத்தில் இதை நன்றாகவே பார்ப்பார்கள். வாங்கியிருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரியைக் கட்டிவிடுங்கள்.

மதுபானம் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை கொண்டுவரலாம். ஆனால் நீங்கள் இறங்குவது கேரளத்தில், வீடு இருப்பது தமிழ்நாட்டில். களியக்காவிளையில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் காட்டுவதற்கு, விமான நிலையக் கடையின் பில்லை பாட்டிலோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.